ஒன்பது குச்சி வீடு

வீடு அசையாச் சொத்து என்று சட்டம் சொல்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். வக்கீல்கள் நம்புகிறார்கள், வங்கிகள் நம்புகின்றன, ஓரளவு படித்தவர்களும் நம்புகிறார்கள். வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது: இது பிழை. ஆற்றுமணலும் செம்மண்ணும் உள்ள ஊர்களில் உட்கார்ந்து யாரோ எழுதிய சட்டம் அது. கோவில்பட்டிக் கரிசலில் கட்டிய எந்த வீடும் அசையும். எந்த மாதம் அசையும், எந்தப் பக்கம் அசையும், எவ்வளவு அசையும் என்பதெல்லாம் அந்தந்த வீட்டில் பிறந்த பெண்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

ராஜமணி மாப்பிள்ளை. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடம் ஆகித் தலை முழுக்க நரைத்த பிறகும் அந்தத் தெருவுக்கு அவர் மாப்பிள்ளைதான். சொந்த ஊர் உடன்குடி. தேரி மணலில் வளர்ந்தவர். தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டுக்கு வந்தது வீட்டோடு மாப்பிள்ளையாக. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த வீட்டின் வழக்கமே அது. 1937-இல் வீட்டைக் கட்டிய பருத்தி வியாபாரி வெயிலுமுத்துவுக்கு ஒரே மகள், அழகுத்தாய். அழகுத்தாய்க்கு ஒரே மகள், செண்பகவல்லி. செண்பகவல்லிக்கும் ராஜமணிக்கும் ஒரே மகள், ஜெயப்பிரியா. அவளும் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தாள். கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டுக்கு ஆண்கள் வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். ஒருவர்கூட உள்ளே பிறந்ததில்லை.

வீட்டைச் சொல்ல வேண்டும். வாசலை ஒட்டித் தூண் வைத்த தார்சா. அதைத் தாண்டினால் பட்டாசல் என்கிற பெரிய கூடம். நடுவில் வானம் பார்த்த முற்றம், முற்றத்துக்கு அடியில் மழைத்தண்ணீர்த் தொட்டி. பின்னால் அடுக்களை. பட்டாசலுக்குப் பக்கத்தில், பண்டபாத்திரம் வைக்க, ஜன்னலே இல்லாத அரங்கு. சுவர் இரண்டடி கனம். மேலே பர்மாத் தேக்கு உத்திரம் போட்டு, செங்கலைக் குத்தவைத்து அடுக்கி, சுண்ணாம்பு கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து அடித்து இறுக்கிய மட்டப்பா.

இதில் எதையும் ராஜமணி கவனித்ததில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது பதினான்கு கதவும் இருபத்தெட்டு ஜன்னலும் மட்டுமே. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசு வருமுன் அத்தனையும் அடைக்க வேண்டும். அடைத்து முடிக்கும்போது கொசு உள்ளே உட்கார்ந்திருக்கும்.

அவருடைய நண்பர் மாடக்கண்ணு பைபாஸ் பக்கம் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருந்தார். பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சு.

"ஒரே சாவி, மாப்ள. பூட்டினா சோலி முடிஞ்சு."

இந்த ஒரே சாவி ராஜமணியின் மனதில் விழுந்து முளைத்துவிட்டது. அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இன்னொரு ஃப்ளாட் காலியாக இருந்தது. போய்விடுவது என்று தீர்மானித்தார். தீர்மானத்தில் ஒரு சிறு குறைதான்: மனைவிக்குத் தெரியாது.

சித்திரை மாதம் ஒருநாள் காலையில் அவருடைய மூக்குக்கண்ணாடி பீரோவுக்குப் பின்னால் விழுந்தது. அது செண்பகவல்லியின் கல்யாணச் சீராக வந்த பீரோ. வந்த நாளிலிருந்து பட்டாசலில், அரங்குச் சுவரை ஒட்டி, அதே இடத்தில் நிற்கிறது. யாரையும் நகர்த்த விட்டதில்லை. அன்று அவள் கடைக்குப் போயிருந்தாள். ராஜமணி தோளைக் கொடுத்துத் தள்ளினார். கண்ணாடி கிடைத்தது. மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் கண்ணில், உத்திரத்திலிருந்து தரைவரை, விளாத்திகுளம் பஸ் போகிற பாதைபோல வளைந்து வளைந்து ஒரு வெடிப்பு.

இத்தனை பெரிய வெடிப்பைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்ட மனிதர் அந்த ஊரில் அதற்கு முன் இருந்ததாகத் தகவல் இல்லை.

"செண்பகம்! வீடு பொளந்து நிக்கி!" என்று வாசலிலேயே மறித்தார்.

"எந்த வீடு?"

"நம்ம வீடுதாம்ட்டி!"

"அப்படியா. இந்தப் பையக் கொஞ்சம் வாங்குங்க. தக்காளி நசுங்குது."

"உசுருக்கே ஆபத்துங்கேன், தக்காளியச் சொல்லுத."

"முப்பத்து மூணு வருசமா அந்தப் பீரோவுக்கு இந்தப் பக்கந்தான படுத்திருந்தீங்க. உசுரு நல்லாத்தான இருந்துச்சு."

தனி ஆளின் வாதம் எடுபடாது என்று ராஜமணிக்குத் தெரிந்தது. நிபுணர் வேண்டும். மாடக்கண்ணுவின் அக்கா மகன் இசக்கிராஜா இன்ஜினியர். அவனைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். வரும் வழியெல்லாம் பாடம் நடந்தது. "சும்மா மோசம்னு சொன்னா பத்தாதுப்பா. கேட்டவுடனே உங்க அத்த எந்திரிச்சு வெளிய ஓடிரணும்."

இசக்கிராஜா வெடிப்பைத் தட்டினான், தடவினான், செல்போனில் படம் எடுத்தான். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான்.

"அத்தே, இது ஸ்ட்ரக்சுரல் கிராக். பில்டிங் கண்டிஷன் ரொம்ப டேஞ்சர்."

"அப்படியா தம்பி. உக்காரு. கடம்பூர்ப் போளி, எடுத்துக்கோ. நீ இப்ப இருக்க வீடு புதுசுதான?"

"போன வருசம் கட்டினது அத்தே. டிசைனே நான்தான்."

"அதுல வெடிப்பு ஒண்ணும் இல்லையே?"

போளி பாதி வழியில் நின்றது.

"இருக்கு, அத்தே."

"எத்தன?"

"நாலு." கொஞ்சம் யோசித்து, உண்மையானவன் என்பதால், "மாடிப்படிப் பக்கத்தையும் சேத்தா அஞ்சு" என்றான்.

"இன்னொரு போளி எடுத்துக்கோ" என்றாள் செண்பகவல்லி, பரிவோடு.

நிபுணர் போன பிறகு வீட்டில் சண்டை வரும் என்று ராஜமணி எதிர்பார்த்தார். ஃப்ளாட் விஷயத்தையும் அந்தச் சூட்டிலேயே சொல்லிவிட்டார். சண்டை வரவில்லை. செண்பகவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சரிங்க. வெடிப்பு உள்ளபடியே வீட்டக் கொல்லுததா இருந்தா, நானே பெட்டியக் கட்டுதேன். ஃப்ளாட்டுக்கே போவோம். ஆனா கண்ணால பாத்துச் சொல்லப்பிடாது. வாரம் ஒருக்க அளந்து நோட்டுல எழுதணும். கார்த்திகை முடிய. அப்பவும் வெடிப்பு இருந்துச்சுன்னா நீங்க சொன்னதுதான்."

"இல்லாமப் போச்சுன்னா?"

"அதுக்குப் பெறவு நீங்க ஃப்ளாட்டுன்னு வாயெடுக்கப்பிடாது."

ராஜமணி சிரித்துவிட்டார். வெடித்த சுவர் தானாக மூடிக்கொள்ளுமா? உடன்குடியில் எந்தச் சுவரும் அப்படிச் செய்ததில்லை.

"அளக்கது யாரு?"

"நீங்கதான். எனக்கு என்ன தெரியும்?"

இந்தக் கடைசி வாக்கியத்தை மனைவி எப்போது சொன்னாலும், கணவர் அடுத்த பஸ்ஸில் ஏறி எப்போதும்வென்றான் பக்கமாவது போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவது நல்லது. ராஜமணி ஸ்கேல் தேடினார்.

"ஸ்கேலு வெடிப்புக்குள்ள எப்படிப் போவும்? இந்தாங்க." அடுப்படியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள். "குச்சியப் பக்கத்துல பக்கத்துல சொருகிப் பாருங்க. எத்தன குச்சி பிடிக்கோ அதான் அளவு."

ஆயுளில் பாதியைத் தீக்குச்சி பார்த்தே கழித்தவருக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. தனக்குத் தோன்றாதது அவளுக்கு எப்படி அத்தனை சீக்கிரம் தோன்றியது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. புது நோட்டில் முதல் வரி எழுதினார்: சித்திரை, இரண்டாம் வாரம். ஒன்பது குச்சி.

வைகாசியிலும் ஒன்பது. ராஜமணி நடையில் ஒரு மிதப்பு வந்தது. செண்பகவல்லி நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"காரணம்னு ஒரு பத்தி போடலியா?"

"காரணம் எதுக்கு?"

"மட்டப்பா கைப்பிடிச் சுவத்துல அரசங்கன்னு ஒண்ணு நிக்கில்லா? கார்த்திகையில நான், வேருதான் சுவத்தப் பொளந்துச்சுன்னு சொல்லிட்டா உங்க கேஸு என்னத்துக்கு ஆவும்? அத எடுத்துட்டு அளந்தா நான் வாயத் தொறக்க முடியாது பாருங்க."

எதிர்க்கட்சியே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறது. ராஜமணி அன்றைக்கே அரிவாளோடு ஏறி, கொதிக்கிற வெயிலில், கன்றை வேரோடு கெல்லினார். அந்தக் கன்றை எடுக்கச் சொல்லி அவள் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்கு நினைவு வரவில்லை.

ஆனியில் தூம்பு. மட்டப்பாத் தண்ணீர் இறங்குகிற குழாயில் அடைப்பு இருந்தால், 'தண்ணி தேங்கித்தான் வெடிச்சுது' என்று யாராவது சொல்லிவிடலாம் அல்லவா? ராஜமணி தோள்வரை கையை விட்டு, இரண்டு பறவைக்கூட்டையும் ஒரு ரப்பர் பந்தையும் வெளியே எடுத்தார். பிறகு உத்திரங்களுக்கு வேப்பெண்ணெய். பிறகு பின்சுவருக்குச் சுண்ணாம்பு. ஜன்னல் சங்கதியும் வந்தது.

"ஆறு மணிக்குச் சரியா அடைச்சிருங்க. ஒரு நாளு அடைச்சு ஒரு நாளு அடைக்காட்டா அளவு மாறும். சுவத்துல காத்து படப்பிடாது."

"சுவத்துல காத்து பட்டா என்ன?"

"எனக்கு என்ன தெரியும்? இன்ஜினியரா நானு?"

இருபத்தெட்டு ஜன்னலும் ஆறு மணிக்கு அடைந்தன.

இதற்கிடையில் ராஜமணிக்கு ஒரு விபத்து நடந்துகொண்டிருந்தது. வாரா வாரம் ஏணியும் நோட்டுமாகச் சுவரோடு சுவராக நின்றதில், வீடு அவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. உத்திரத்தின் முனையில் மரத்தச்சன் செதுக்கிய சின்ன வாழைப்பூ தெரிந்தது. கூரைக்குக் கீழே சுவரில் விட்டிருந்த ஓட்டைகள் சும்மா இல்லை, வெக்கை வெளியேறத்தான் என்று தெரிந்தது. மதியம் ஊரே வேகும்போது பட்டாசல் தரையில் துண்டை விரித்துப் படுத்தால் முதுகு குளிர்ந்தது. மாடக்கண்ணுவின் ஃப்ளாட்டில் ஒருநாள் சாயங்காலம் சுவரில் சாய்ந்தவர், தோசைக்கல்லைத் தொட்டவர்போலத் துள்ளி எழுந்தார். இதையும் நோட்டில் எழுதினார். எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதினார்.

ஆடியில் மாடக்கண்ணுவே வந்தார், இரண்டு கையிலும் கேனோடு.

"அஞ்சு நாளாத் தண்ணி வரல மாப்ள. லிப்டும் ஓடல. மூணு மாடி."

முற்றத்துத் தொட்டியின் மூடியை ராஜமணி தூக்கினார். போன கார்த்திகையில் மட்டப்பாவில் விழுந்த மழை, உள்ளே கண்ணாடிபோலக் கிடந்தது. ஒரு சொம்பு மோந்து கொடுத்தார். மாடக்கண்ணு குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்.

"எண்பது வருசத்துக்கு மேல ஆன தொட்டி. ஒரு சொட்டு ஒழுகாது" என்றார் ராஜமணி. குரலில் இருந்தது பெருமை என்பது அவருக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

"அது சரி, நீ எப்ப அங்கன குடி வார?"

"கார்த்திகையில" என்றார், தொட்டி மூடியைப் பார்த்துக்கொண்டே.

ஆவணியில் எட்டுக் குச்சி. ஏதோ எண்ணிக்கைப் பிழை என்று திரும்பச் சொருகினார். எட்டுதான். புரட்டாசியில் நாலு மழை பெய்தது, ஆறு. ஐப்பசியில் ஊரைச் சுற்றிக் கரிசல் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் புட்டுமாவு மாதிரி உப்பியது. மூன்று, இரண்டு, பிறகு ஒன்று. வெடிப்பு, பேச்சை நிறுத்திய வாய்போல மூடிக்கொண்டே வந்தது.

ராஜமணியின் நிலைமை இப்போது விசித்திரமானது. ஃப்ளாட்டுக்குப் போக அவருக்கும் மனமில்லை. ஆனால் தோற்கவும் மனமில்லை. அதுவும் தன் கையெழுத்தில் தோற்பது! அவர் விரும்பியது இதுதான்: ஜெயிக்க வேண்டும். ஜெயித்துவிட்டு, பெருந்தன்மையாக, 'சரி செண்பகம், உனக்காக இங்கயே இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அதற்குக் கார்த்திகைக் கடைசியில் இரண்டே இரண்டு குச்சி போதும்.

கடைசி வாரம். மூன்று நாளாக விடாத மழை. பட்டாசல் பக்கம் ஒரு குச்சியின் முனைகூட நுழையவில்லை. செண்பகவல்லி குடையோடு கோயிலுக்குப் போனாள். ராஜமணி ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அதே சுவரின் மறுபக்கம் அரங்குக்குள் இருக்கிறது. அங்கே இரண்டு குச்சி அளவுக்குச் சுரண்டிவிட்டு, 'அந்தப் பக்கம்தான் சரியான அளவு' என்று சொல்லிவிடலாம். சத்தம் வெளியே கேட்காமலிருக்க, அரங்குக் கதவை உள்ளிருந்து அழுத்திச் சாத்தினார்.

செல்போன் வெளிச்சத்தில் இரண்டு இழுப்புத்தான் சுரண்டியிருப்பார். வருடக்கணக்காக அடித்த வெள்ளை, அப்பளம்போல ஒரு பெரிய பொருக்காகக் கழன்று விழுந்தது. அடியில் பழைய பூச்சு. அதில் ஆணியால் கீறிய எழுத்து.

*1969. சோலைச்சாமி.*
*சித்திரை 9 குச்சி. ஆடி 9. புரட்டாசி 5. ஐப்பசி 2. கார்த்திகை இல்லை.*
*அரசங்கன்று எடுத்தாச்சு. தூம்பு சுத்தம் பண்ணியாச்சு.*
*வீடு நல்ல வீடு.*

சோலைச்சாமி ராஜமணியின் மாமனார். அழகுத்தாயின் கணவர். அந்த வீட்டின் முதல் மாப்பிள்ளை.

ராஜமணி இரண்டு தடவை படித்தார். பிறகு மெதுவாகக் கதவுப் பக்கம் போய் இழுத்தார். கதவு வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். அசையாச் சொத்து என்று அந்த வீட்டில் உண்மையாகவே ஒன்று இருந்தால், அந்த நேரத்தில் அது அந்தக் கதவுதான்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. குடை மடங்கியது.

"உள்ள யாரு?"

"நான்தான்."

"அரங்குக்குள்ள என்ன செய்யுதீங்க?"

"அளக்குதேன்."

"கதவ அடைச்சுக்கிட்டா?"

"காத்து படப்பிடாதுல்லா."

வெளியே குடையைச் சுவரில் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சரி. அடி வரைக்கும் படிச்சாச்சா, இன்னும் பாக்கி இருக்கா?"

"இது உனக்குத் தெரியுமாட்டி?"

"அப்பா கீறும்போது விளக்குப் பிடிச்சதே நான்தான். ஆறு வயசு எனக்கு."

"அவியளும் ஃப்ளாட்டுக்குப் போணும்னாவளா?"

"அப்ப ஏது ஃப்ளாட்டு? ரயிலடிப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டப் பாத்துட்டு வந்தாவ. அதுக்குக் கதவு ரெண்டுதானாம்."

"அளக்கச் சொன்னது உங்க அம்மையோ?"

"அம்மைக்கு என்ன தெரியும்?" என்றாள் செண்பகவல்லி.

ராஜமணி இருட்டில் தனியாகச் சிரித்தார். வேறு என்ன செய்வது?

"கதவு வர மாட்டேங்கு செண்பகம்."

"மழைக்கு வராது. இழுக்காதீங்க. கீழ ரெண்டு கையையும் குடுத்துத் தூக்குங்க. தூக்கிட்டு இழுங்க. அப்பா இது தெரியாம மூணு மணி நேரம் உள்ள கிடந்தாவ. நீங்க பரவாயில்ல."

தூக்கினார். பூப்போல வந்தது. வெளியே செண்பகவல்லி விபூதியோடு நின்றாள். அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நெற்றியில் பூசிவிட்டாள். அந்த ஒன்றும் கேட்காததற்காக ராஜமணி அவளுக்கு மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டையும் சேர்த்தே கும்பிட்டதாகத்தான் சொல்ல வேண்டும்.

"ஒரு ஆணி இருக்குமா?" என்றார்.

மாமனாரின் எழுத்துக்குக் கீழே ராஜமணி தன் பெயரையும் வருடத்தையும் கீறினார். மற்றதையெல்லாம் எழுத இடம் போதவில்லை. 'மேற்படி' என்று முடித்தார்.

"பொங்கலுக்கு அந்தச் சுவத்துக்கும் வெள்ளையடிச்சிருவோம்" என்றாள் செண்பகவல்லி. அடித்தார். பீரோவும் பழைய இடத்துக்குப் போனது.

மாசியில் ஜெயப்பிரியாவும் அவள் கணவர் முத்துசெல்வமும் வேலை மாற்றலாகிக் கோவில்பட்டிக்கே வந்து, அந்த வீட்டில் குடியேறினார்கள். முத்துசெல்வம் கோயம்புத்தூர்ப் பக்கம், செம்மண் பூமி. நல்ல பையன். சித்திரையில் ஒருநாள் அவருடைய போன் சார்ஜர் பீரோவுக்குப் பின்னால் விழுந்தது.

"மாமா! இங்க வந்து பாருங்க மாமா! செவுரு பொளந்திருக்குதுங்க! இந்த வீட்ல இருக்கறதே ஆபத்துங்க!"

ராஜமணி வாயைத் திறந்தார். அடுக்களை வாசலில் செண்பகவல்லி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஜெயப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

"அப்படியா?" என்றாள் ஜெயப்பிரியா கணவரிடம். "எனக்கு என்ன தெரியும். நீங்களே அளந்து பாருங்களேன்."

ராஜமணி அலமாரியிலிருந்து ஒரு புதுத் தீப்பெட்டியை எடுத்து மருமகன் கையில் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்துசெல்வம் அரிவாளோடு மட்டப்பாவில் ஏறினார். அரசங்கன்று மறுபடியும் துளிர்த்திருந்தது.